மரக்கரி போட்டும் சாயம் போகவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

மரவாடியில் மிஞ்சும் தூளையும் சீவலையும் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அதைச் சாயத் தண்ணீரில் போட்டு நிறத்தை இறக்குவது என்பது படிக்கும்போது ரொம்ப எளிதாகத்தான் தெரியும். செய்து பார்க்கும்போதுதான் கோளாறுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். கல்லூரி புராஜெக்டுக்காக இந்தக் கரியை, அதாவது பயோசாரை எடுத்தவர்களுக்கும், சின்னதாகச் சாயப்பட்டறை வைத்துக்கொண்டு இதில் ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கும் வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்து எங்கே தேடுவது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம், முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எதற்கும் முன்னால், கூட இரண்டு குடுவை

எந்தச் சோதனை போட்டாலும் பக்கத்தில் இன்னும் இரண்டு குடுவை வையுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீரும் கரியும். இன்னொன்றில் கரி இல்லாமல் சாயத் தண்ணீர் மட்டும். மூன்றையும் ஒரே ஷேக்கரில், ஒரே நேரம் ஆட்டி, ஒரே மாதிரி வடிகட்டி, நிறத்தின் அடர்வை ஒளியால் அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் ஒரே மாதிரி அளக்க வேண்டும். கரி மட்டும் இருக்கும் குடுவை, கரி தன் பங்குக்குத் தண்ணீரில் எதை இறக்குகிறது என்று காட்டிக் கொடுக்கும். சாயம் மட்டும் இருக்கும் குடுவை, கரியே இல்லாமல் எவ்வளவு நிறம் காணாமல் போகிறது என்று சொல்லும். அப்புறம் மூன்றிலும் பிஹெச்சை (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை எழுதி வையுங்கள், ஏனென்றால் கீழே வரப்போகிற குழப்பங்களில் முக்கால்வாசி பிஹெச்சில் போய்த்தான் முடியும். இந்த இரண்டு குடுவையும் இல்லாமல் எடுத்த ரீடிங்கை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது வீண் வேலை.

நிறம் இறங்கவே இல்லை

கரியைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் சாயம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மெத்திலீன் புளூ, மாலகைட் கிரீன், கிரிஸ்டல் வயலட் எல்லாம் தண்ணீரில் நேர் மின்னூட்டத்தோடு இருப்பவை. காங்கோ ரெட், மெத்தில் ஆரஞ்சு, பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எல்லாம் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம். கரியின் மேற்பரப்புக்கும் ஒரு மின்னூட்டம் உண்டு, அது தண்ணீரின் பிஹெச்சைப் பொறுத்து மாறும். ஒரு குறிப்பிட்ட பிஹெச்சில் அது பூஜ்யமாக இருக்கும். அதற்கு மேலே போனால் கரி எதிர், கீழே வந்தால் நேர். இரண்டு பக்கமும் ஒரே மின்னூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று தள்ளிவிடும், நீங்கள் நாள் முழுக்க ஆட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

அந்தப் பூஜ்யப் புள்ளியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 0.01 மோலார் உப்புத் தண்ணீரை ஐந்தாறு குடுவைகளில் 50 மி.லி. வீதம் எடுத்து, பிஹெச்சை 2, 4, 6, 8, 10 என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கரி போட்டு, மூடி, ஒரு நாள் ஆட்டிவிட்டு மறுபடி பிஹெச் பாருங்கள். எந்தப் பிஹெச்சில் ஆரம்ப அளவும் முடிவு அளவும் மாறாமல் நிற்கிறதோ அதுதான் புள்ளி. நன்றாகச் சுட்ட, கழுவாத மரக்கரிக்கு இது பெரும்பாலும் 7-க்கு மேலேதான் வரும், சாம்பல் இருந்தால் இன்னும் ஏறும். மெத்திலீன் புளூவை எடுக்கப் புள்ளிக்கு மேலே வைக்க வேண்டும், ரியாக்டிவ் சாயத்துக்குக் கீழே.

மின்னூட்டம் சரியாக இருந்தும் இறங்கவில்லையென்றால் அடுத்து சுட்ட சூடு. 350 முதல் 400 டிகிரியில் சுட்ட கரியில் ஆக்சிஜன் சேர்ந்த குழுக்கள் மிஞ்சியிருக்கும், அவை நேர் மின்னூட்டச் சாயத்தைப் பிடிக்கும், ஆனால் நுண்துளை அதிகம் திறந்திருக்காது. 600, 700-க்குப் போனால் அந்தக் குழுக்கள் குறைந்து துளைகள் திறக்கும், கரியின் தட்டையான வளையங்கள் சாயத்தின் வளையங்களோடு ஒட்டிக்கொள்ளும் பிடிப்பும் கூடும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, சாயத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 450 டிகிரி என்று நோட்டில் எழுதியிருந்தாலும் உள்ளே அந்தச் சூடு போயிருக்காது என்பதுதான் அடிக்கடி நடப்பது. மரத்தூள் இறுகிப் படிந்துவிடும், சூடு உள்ளே புகாது. குரூசிபிளிலோ டின்னிலோ அழுத்தி அடைத்துச் சுட்டால் ஓரம் கறுத்து நடு பழுப்பாகவே இருக்கும். கொட்டி உடைத்துப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் அது வறுத்த மரம், கரி இல்லை. மெல்லிய அடுக்காகப் பரப்பிச் சுடுங்கள், அல்லது தூளுக்குப் பதில் சீவலோ சின்னச் சில்லுகளோ எடுங்கள், சரியான சூடு வந்த பிறகு ஒரு மணி நேரமாவது அதே சூட்டில் வையுங்கள்.

மெத்திலீன் புளூ ஓடிப்போகிறது, பட்டறைத் தண்ணீர் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது

இதுதான் அதிகம் பேர் முட்டிக்கொள்ளும் இடம், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். மெத்திலீன் புளூ சின்ன மூலக்கூறு, எடை 320 வாக்கில், தட்டையானது, நேர் மின்னூட்டம், மரக்கரிக்கு அது மாமியார் வீட்டுச் சாப்பாடு. ஏறக்குறைய எந்தக் கரியும் அதை எடுக்கும். திருப்பூர் பக்கத்துப் பட்டறையில் இருந்து வருகிற தண்ணீர் வேறு ரகம். பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அதில் ரியாக்டிவ் பிளாக் 5 மாதிரி ஒன்றின் எடை ஆயிரத்தை நெருங்கும், சல்ஃபோனேட் குழுக்கள் தொங்குவதால் எதிர் மின்னூட்டம், தண்ணீரிலேயே இருக்க ஆசைப்படும். கரியின் மேற்பரப்பு கிராமுக்கு 300 சதுர மீட்டர் என்று ரிப்போர்ட் வந்திருக்கலாம், ஆனால் அது நைட்ரஜன் நுழைந்து அளந்த கணக்கு. மரக்கரியின் துளைகளில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறைவானவை, நைட்ரஜன் போகிற சந்தில் இந்தப் பெரிய சாயம் போகாது.

போதாததற்கு அந்தத் தண்ணீரின் பிஹெச் 10, 11 என்று இருக்கும், ஏனென்றால் ரியாக்டிவ் சாயம் நூலோடு பிணைய சோடா ஆஷ் போட்டிருப்பார்கள். அந்தப் பிஹெச்சில் கரியும் எதிர், சாயமும் எதிர். கூடவே சோப்பு, மென்மையாக்கி, ஸ்டார்ச்சு எல்லாம் கலந்திருக்கும், எல்லாம் கரியில் இடம் பிடிக்கப் போட்டி போடும். அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் பிஹெச்சை 3, 4-க்கு இறக்கி ஒரு சின்னக் குடுவையில் பாருங்கள். நிறம் சட்டென்று இறங்கினால் கரியில் கோளாறு இல்லை, மின்னூட்டத்தில்தான். இறங்காவிட்டால் துளைதான் பிரச்சினை, அதற்கு கரியை மாற்றியே ஆக வேண்டும்: மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 450 டிகிரி வாக்கில் சுட்டால் பெரிய துளைகள் கிடைக்கும், பிறகு அமிலம் போகும்வரை கழுவ வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து 700, 800-க்குச் சுட்டால் மேற்பரப்பு இன்னும் எகிறும், ஆனால் அது பாத்திரத்தையே அரிக்கும், பெரும்பாலும் திறப்பதும் குறுகிய துளைகளைத்தான், வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலையும் இல்லை. ஜிங்க் குளோரைடும் ஒரு வழிதான், ஆனால் கழுவிய தண்ணீரில் துத்தநாகம் போகும், அதை எங்கே விடுவீர்கள்? சாயத்தை எடுக்கப் போய் உலோகத்தை விட்டுவிட்டு வருவதில் அர்த்தமில்லை.

ஒரே ஒரு நல்ல செய்தி, பட்டறைத் தண்ணீரில் இருக்கும் உப்பு சில சமயம் உதவும். கரியும் சாயமும் இரண்டும் நெகட்டிவாக இருந்து ஒன்றையொன்று தள்ளுவதை உப்பு மறைத்துவிடும், அதனால் உப்பு இல்லாத லேப் கரைசலைவிட உப்புக் கரைசலில் ரியாக்டிவ் சாயம் கூடுதலாக ஒட்டுவதைப் பார்க்கலாம். மெத்திலீன் புளூவுக்கு இதற்கு நேரெதிர். ஆக, லேப் தண்ணீரில் எடுத்த அளவைப் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது. பட்டறைத் தண்ணீரையே கேனில் பிடித்து வந்து சோதித்துப் பாருங்கள், முடிந்தால் வெவ்வேறு நாள் பிடித்தது, ஏனென்றால் இன்று கறுப்பு ஓடியிருக்கும், நாளை ராயல் புளூ.

நிறம் போய்விட்டது, டிடிஎஸ் அப்படியே இருக்கிறது

இருக்கத்தான் செய்யும். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு. கரைந்த சோடியத்தையும் குளோரைடையும் சல்ஃபேட்டையும் கரி எடுக்காது. ரியாக்டிவ் சாயமிடலில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு போடுவது வழக்கம், அது முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கு டிடிஎஸ் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர்கூட அதைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம். திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றில் நடந்தது நிறத்தால் மட்டும் வந்த கேடு இல்லை, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும் கீழே விவசாய நிலத்தைக் கெடுத்ததும் உப்புதான் பெரும்பங்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டில் ஆர்.ஓ.வும் (மெம்பிரேன் வழியாக உப்பைப் பிரிக்கும் முறை) ஆவியாக்கியும் வந்ததும் இதனால்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 'மரத்தூள் கரியால் சாயக்கழிவைச் சுத்திகரிக்கலாம்' என்று புராஜெக்ட் முடிவுரையில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சாயத்தை எடுக்கலாம் என்று எழுதுங்கள், அதோடு நிறுத்துங்கள். கரிக்கு ஏற்ற இடம் உயிரியல் சுத்திகரிப்புக்கு அப்புறம், ஆர்.ஓ.வுக்கு முன்னால், மிச்சமிருக்கும் நிறத்தைப் பிடிக்கும் இடைப்படி. அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், கரித்தூள் போய் ஆர்.ஓ. மெம்பிரேனில் உட்கார்ந்துவிடாமல் நடுவில் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் கட்டாயம்.

தண்ணீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுகிறது

சாயம் இறங்கி, அதன் இடத்தில் டீத்தண்ணி நிறம் வருகிறதா? கரி மட்டும் போட்ட குடுவையைப் பாருங்கள், அதுவும் மஞ்சளாக இருந்தால் வருவது கரியிலிருந்துதான். பாதி வெந்த கரியில் தார் ஒட்டியிருக்கும், தண்ணீரில் கரையக்கூடிய கரிமப் பொருள்களும் இருக்கும். கைவிரலில் கரியைத் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். உடனே போனால் நல்ல கரி. பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் தார் மிச்சமிருக்கிறது.

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்கள் புகையைப் பார்த்தே வேலையை நடத்துவார்கள். முதலில் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை விறகில் இருந்த ஈரம். அப்புறம் மஞ்சளாகக் கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் தார் வெளியேறும் கட்டம். புகை மெலிந்து நீலம் தட்டி, அதுவும் அடங்கின பிறகுதான் திறக்கலாம். டிரம்மில் சுடும்போதும் இதே கணக்கு, மஞ்சள் புகை வந்துகொண்டிருக்கும்போதே அணைத்தால் அந்தத் தார் முழுவதும் உங்கள் பீக்கருக்கு வரும். மூடிய அறையில் இதைச் செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சுட்டு எடுத்த கரியைச் சூடு ஆறாமல் சாக்கில் கட்டி வைத்தாலும் தானாகவே மறுபடி கனலும்.

ஏற்கெனவே சுட்ட கரியைக் காப்பாற்ற, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பாருங்கள், தெளியாவிட்டால் மறுபடி மூடிய பாத்திரத்தில் கூடுதல் சூட்டில் சுட வேண்டியதுதான்.

கரி போட்டதும் பிஹெச் எகிறுகிறது

சாம்பல். காற்று கசிந்து கொஞ்சம் எரிந்திருக்கும், அல்லது பட்டை அதிகம் சேர்ந்திருக்கும், பட்டையில் மரத்தைவிடச் சாம்பல் அதிகம். பொட்டாசியம், கால்சியம் கார்பனேட்டுகள் தண்ணீரில் இறங்கி பிஹெச்சை 9, 10-க்குக் கொண்டுபோகும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் ஊறவைத்து, வாலை வடிநீரில் பிஹெச் நிலையாகும்வரை கழுவி, 105 டிகிரியில் உலர்த்துங்கள். கழுவாத கரியையும் கழுவிய கரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் நீங்கள் இதுவரை அளந்தது கரியின் வேலையை இல்லை, சாம்பலின் வேலையை.

நம்ப முடியாத அளவுக்கு நல்ல ரிசல்ட்

நிறம் இறங்காததைவிட இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஐந்தே நிமிடத்தில் 99 சதவீதம் என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கீழே சொல்வதை எல்லாம் பாருங்கள்.

மாலகைட் கிரீனும் கிரிஸ்டல் வயலட்டும் காரத்தில் தானாகவே வெளுக்கும். சாம்பல் உள்ள கரி பிஹெச்சை ஏற்றிவிட, சாயம் நிறமில்லாத வடிவத்துக்கு மாறிவிடும், அது தண்ணீரில்தான் இருக்கும், கரியில் ஏறியிருக்காது. வடிகட்டிய தண்ணீரில் சில துளி அமிலம் விட்டு பிஹெச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் வையுங்கள். நிறம் திரும்பி வந்தால் சாயம் எங்கேயும் போகவில்லை. மெத்தில் ஆரஞ்சும் காங்கோ ரெட்டும் வேறு விதமாக ஏமாற்றும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்குக் கீழே சிவக்கும், 4.4-க்கு மேலே மஞ்சள். காங்கோ ரெட் 5-க்குக் கீழே போகப் போக நீலமாகும், போதாததற்கு அமிலத்தில் திரண்டு படிந்தும் விடும். பிஹெச் மாறினால் நிற உச்சமும் இடம் மாறும், நீங்கள் பழைய 497 நானோமீட்டரிலேயே காங்கோ ரெட்டை அளந்துகொண்டிருந்தால் குறைந்த மாதிரித்தான் காட்டும். எல்லா மாதிரியையும் ஒரே பிஹெச்சுக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும், ரீடிங்கைச் செறிவாக மாற்ற வரையும் அளவுக்கோடும் அதே பிஹெச்சில் போட்டதாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஃபில்டர். மெத்திலீன் புளூவை ஃபில்டர் பேப்பரும் சில மெம்பிரேன்களும் நன்றாகவே உறிஞ்சும், வடிகட்டின பிறகு பேப்பரைப் பாருங்கள், நீலமாக இருக்கும். கண்ணாடிக் குடுவையின் சுவரிலும் ஒட்டும். நீர்த்த கரைசலில் இந்த இழப்பு மட்டுமே கணிசமாக இருக்கும். முடிந்தால் வடிகட்டாமல் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மேல்நீரை எடுங்கள், இல்லாவிட்டால் முதலில் வடியும் சில மில்லியைக் கொட்டிவிட்டு அடுத்ததை அளங்கள். சாயம் மட்டும் வைத்த அந்தக் குடுவை இருந்தால் எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும். வெயில் படும் ஜன்னலோரம் குடுவையை வைத்திருந்தால் அதுவும் வெளுக்கும்.

இன்னொன்று, போட்ட கரியின் அளவு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் சாயத்தை எடுக்க 5 கிராம் கரி போட்டு 98 சதவீதம் என்று எழுதினால், கிராமுக்கு வெறும் 3.9 மில்லிகிராம்தான் எடுத்திருக்கிறது. சதவீதத்தைப் பார்த்து மயங்காமல் கிராமுக்கு எவ்வளவு என்று எப்போதும் சேர்த்து எழுதுங்கள்: ஆரம்பச் செறிவில் இருந்து முடிவுச் செறிவைக் கழித்து, கரைசலின் கொள்ளளவால் பெருக்கி, கரியின் எடையால் வகுத்தால் போதும்.

ரீடிங் தாறுமாறாக ஓடுகிறது

ஒரே மாதிரியை மூன்று தடவை வைத்தால் மூன்று விதமாகக் காட்டுகிறதா? பெரும்பாலும் நுண்ணிய கரித்தூள்தான், அது ஒளியைச் சிதறடித்து ரீடிங்கை ஏற்றிவிடும். சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அலைநீளத்தில், மெத்திலீன் புளூவுக்கு 750 நானோமீட்டர் வாக்கில், ஒரு ரீடிங் எடுங்கள். அங்கேயும் எண் வந்தால் தூள் இருக்கிறது. கரியைச் சல்லடையில் சலித்து மேலே நிற்பதை மட்டும் எடுத்து, கழுவி, உலர்த்திப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

மிச்சப் பாதி, அடர்த்தி. மெத்திலீன் புளூ லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றாலே 664 நானோமீட்டரில் ரீடிங் 1-ஐ நெருங்கும், அதற்கு மேலே கோடு வளையத் தொடங்கும், செறிவு ஏறினால் மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்துகொள்வதும் அதற்கு ஒரு காரணம். 50, 100 செறிவு உள்ள மாதிரியை நேராகக் கூவெட்டில் (கருவியில் வைக்கும் சின்ன அளவுக் குப்பி) ஊற்றி அளந்த அட்டவணைகளைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் ஒரே எண்ணில் தட்டி நிற்கும். நீர்த்து அளந்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள்.

கரி மிதக்கிறது

துளைக்குள் காற்று. சூடாகச் சுட்ட கரி தண்ணீரை ஒட்டவிடாது, அதுவும் சேரும். கொதிக்கும் தண்ணீரில் அரை மணி போட்டு வையுங்கள், அல்லது முந்தின நாளே ஊறவைத்துவிடுங்கள். ஊறின கரியில் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள்.

முதலில் வேகமாக இறங்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது

இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். வெளிப்பரப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், அப்புறம் சாயம் துளைகளுக்குள் ஊர்ந்து போக நேரம் பிடிக்கும், மரக்கரியில் அதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு சமநிலை வந்துவிட்டது என்று எழுதியிருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒரு ரீடிங் எடுத்துச் சரிபாருங்கள். தூளை இன்னும் நைசாக அரைத்தால் வேகம் கூடுகிறதா என்றும் பாருங்கள். வேகம் கூடி, முடிவு அளவு மாறாமல் இருந்தால் துளைக்குள் போவதுதான் தாமதம். முடிவு அளவும் கூடினால் துளையின் வாய் அடைபட்டிருக்கிறது, தார் அல்லது சாம்பல்.

இந்த இடத்தில் கிராஃப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறிஞ்சும் வேகத்துக்குப் போடும் போலி இரண்டாம் படிச் சமன்பாட்டை நேர்கோடாக்கிப் போடும்போது நேரத்தை உறிஞ்சிய அளவால் வகுத்து, அதை நேரத்துக்கு எதிராகவே வரைகிறோம். இரண்டு பக்கமும் நேரம் இருப்பதால் எந்தக் குப்பை டேட்டாவைப் போட்டாலும் ஆர் ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.99 வரும். அதை வைத்து 'வேதிப் பிணைப்புதான் நடக்கிறது' என்று எழுதுவது சுத்த அபத்தம், ஆனாலும் கட்டுரைக்குக் கட்டுரை இதே வரி வருகிறது. நேர்கோடாக்காமல் வளைகோட்டையே பொருத்திப் பாருங்கள், எக்செல்லில் சால்வர் போதும்.

போன பேட்ச் நன்றாக இருந்தது, இந்தப் பேட்ச் சரியில்லை

மரவாடியில் இருந்து மூட்டை கட்டி எடுத்து வரும் தூள் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்காது. ஒரு நாள் தேக்கு, ஒரு நாள் வேம்பு, ஒரு நாள் பிளைவுட்டும் எம்டிஎஃபும் அறுத்தது. பிளைவுட் தூளில் பசை இருக்கிறது, பெயின்ட் அடித்த பழைய மரத்தில் ஈயம் இருக்கலாம், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றின மரத்தில் ஆர்சனிக்கும் குரோமியமும் இருக்கலாம், இவற்றைச் சுடவே கூடாது, புகையும் ஆபத்து, கரியும் ஆபத்து. எந்த மரம் என்று கேட்டு வாங்குங்கள், முடிந்தால் ஒரே மரம் அறுக்கும் நாளில் போங்கள். ஈரமும் முக்கியம், மழை நாளில் வாங்கின தூளை உலர்த்தாமல் அடுக்கினால் விறகு வீணாகும், சூடு ஏறாது. ஒவ்வொரு பேட்ச்சிலும் எவ்வளவு மரம் போட்டு எவ்வளவு கரி கிடைத்தது என்று எடை போட்டு எழுதுங்கள். 500, 600 டிகிரியில் உலர் எடையில் கால்பங்கு, முப்பது சதவீதம் என்று வரும். 45 வந்தால் வேகவில்லை, 15 வந்தால் எரிந்திருக்கிறது. இதைவிட மலிவான தரச் சோதனை கிடையாது.

கரி நிரப்பிய குழாய் (column) அடைக்கிறது, அல்லது சீக்கிரமே நிறம் தாண்டி வருகிறது

குழாயில் கரியை நிரப்பித் தண்ணீரை ஓட்டுகிறவர்களுக்கு இது. அடைத்தால் தூள் அதிகம். அரை மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைச் சலித்து எடுத்துவிட்டு, மேலும் கீழும் கழுவிய மணல் ஒரு அடுக்கு போட்டு, முதலில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுத் தூளை வெளியேற்றுங்கள். கரி இலேசானது, வேகமாக விட்டால் அதுவும் சேர்ந்து போகும்.

கொஞ்ச நேரத்திலேயே நிறம் வெளியே வந்தால் தண்ணீர் ஓரமாக வழி போட்டுக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். கண்ணாடிக் குழாயாக இருந்தால் கண்ணுக்கே தெரியும், ஒரு பக்கம் மட்டும் சாயக்கோடு இறங்கியிருக்கும். கரியை உலர்வாகக் கொட்டாமல் தண்ணீரோடு கலக்கி ஊற்றி நிரப்புங்கள், குழாயின் விட்டம் கரித்துண்டின் அளவைப்போல குறைந்தது பத்து மடங்காவது, இருபது இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் சரியாக இருந்தும் தாண்டினால் வேகத்தைப் பாதியாக்குங்கள், துளைக்குள் போகவே அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோக நினைத்தால் முதலில் பேப்பரில் கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு 10,000 லிட்டர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்றால் மொத்தம் ஒரு கிலோ சாயம். கிராமுக்கு 50 மில்லிகிராம் எடுக்கும் கரி என்றால் 20 கிலோ கரி போதும். ரியாக்டிவ் சாயத்துக்கு உங்கள் கரி கிராமுக்கு 10 மில்லிகிராம்தான் எடுக்கிறது என்றால் தினம் 100 கிலோ கரி, அதற்கு உலர்ந்த மரம் முந்நூற்றைம்பது, நானூறு கிலோ. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் லாபமாகத் தெரிந்தால் மேலே போகலாம்.

பழைய கரியைத் திரும்பப் போட்டால் தண்ணீருக்கே சாயம் ஏறுகிறது

பிஹெச் மாறியிருக்கும். அமிலத்தில் பிடித்த ரியாக்டிவ் சாயத்தைக் காரத் தண்ணீர் பட்டதும் கரி விட்டுவிடும், மெத்திலீன் புளூ அமிலத்தில் கழன்று வரும். இதையே கரியை மீட்பதற்கும் பயன்படுத்துகிறார்கள், ஒன்றுக்குக் காஸ்டிக் சோடா, இன்னொன்றுக்கு நீர்த்த அமிலம், இரண்டுக்கும் எத்தனால். ஒவ்வொரு சுற்றுக்கும் திறன் குறையும், அதையும் அளந்து எழுத வேண்டும். கழுவி எடுத்த அந்த அடர்சாயத் தண்ணீரையும் எத்தனாலையும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் மீட்பு என்று எழுதாதீர்கள், பெரும்பாலான நேரம் புதுக் கரி போடுவதே மலிவு.

தீர்ந்த கரியைத் தோட்டத்து மண்ணில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, பயோசார் என்றாலே மண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருப்பார்கள். சாயம் ஏறின கரியைப் போடக்கூடாது. அசோ சாயங்கள் (காங்கோ ரெட், ரியாக்டிவ் பிளாக் 5 மாதிரியானவை) மண்ணில் காற்றில்லாத இடத்தில் உடைந்தால் அரோமேடிக் அமீன்கள் வரும், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. டர்காய்ஸ் நீலச் சாயத்தில் தாமிரம் இருக்கிறது. அடுப்பில் விறகோடு போட்டு எரிப்பதும் அதே தப்பு. லேப்பில் மிஞ்சும் சில கிராமை உலர்த்தி, லேபிள் ஒட்டின டப்பாவில் சேர்த்து, கல்லூரியின் ரசாயனக் கழிவோடு கொடுத்துவிடுங்கள். பட்டறை அளவில் வருவது சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு மாதிரி அபாயக் கழிவு வகையில் சேரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு அதற்கென்று உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அந்த வண்டி வாடகையையும் மேலே போட்ட கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.